சர்க்கரை, சூடு, செட்டில்மென்ட்: வாசகர் கேள்வி – பதில்

வளைகுடாவில் இருப்பவர்களும், வளைகுடாவுக்கு ஆளை அனுப்பிவிட்டு ஊரில் இருப்பவர்களும் இம்முறை நிறைய எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள். பொதுவாகப் பயன்படக்கூடியவற்றை மட்டும் எடுத்திருக்கிறோம்.

சார்ஜாவில் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் ஃபோர்மேன். வயது 46. வெறும் வயிற்றில் சர்க்கரை 138, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 7.4. மூன்று மாதமாக இரவில் சோறே தொடுவதில்லை, குப்பூஸ் (அரபு நாட்டு மைதா ரொட்டி) மட்டும்தான். மறுபடி பார்த்தாலும் இறங்கவில்லை. எட்டுப் பேர் சேர்ந்த ரூம் மெஸ். என்ன செய்வது?

முதலில் ஒன்று. வெறும் வயிற்றில் 126, எச்பிஏ1சி 6.5 என்பவை எல்லைகள். உங்களுக்கு இரண்டுமே தாண்டிவிட்டன. ‘பார்டர்தான், பயப்படாதே’ என்று ரூமில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். இது சர்க்கரை நோய்தான். ஆனால் இந்த அளவில் கட்டுக்குள் கொண்டுவருவது கடினமில்லை.

குப்பூஸை ஒருநாள் தராசில் வைத்துப் பாருங்கள். பெரியது ஒன்று 100 கிராமை ஒட்டி நிற்கும். வீட்டுச் சப்பாத்தி 35, 40 கிராம். இரண்டு குப்பூஸ் தின்றால் ஐந்து சப்பாத்தி தின்ற கணக்கு, அதுவும் மைதாவில். சோற்றை விட்ட இடத்தில் மைதாவை வைத்துவிட்டு சர்க்கரை இறங்கவில்லையே என்றால் எப்படி இறங்கும்? இரவுக்கு ஒரு குப்பூஸ் போதும். மீதி வயிற்றுக்குப் பருப்போ, கொண்டைக்கடலையோ, கோழியோ, இரண்டு முட்டையோ, கூடவே ஒரு தட்டு வெள்ளரிக்காய். முதலில் காயையும் கறியையும் முடித்துவிட்டுக் கடைசியில் குப்பூஸுக்கு வந்தால், சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையும் குறையும்.

அடுத்தது கரக் சாய், அந்தக் கெட்டிப் பால் டீ. கடைக் கரக்கில் இரண்டு டீஸ்பூன் சர்க்கரைக்குக் குறையாது. நாளுக்கு நாலு என்றால் எட்டு டீஸ்பூன், ஏறக்குறைய 35 கிராம். சீனி போடாத சுலைமானிக்கு (பாலில்லாத டீ) மாறுங்கள். பெப்சி குடிக்கும் இடத்தில் லபன் (மோர்) குடியுங்கள்.

எண்ணெய்க்கு ஒரு கணக்கு: ஆளுக்கு மாதம் அரை லிட்டர். எட்டுப் பேருக்கு நாலு லிட்டர். உங்கள் மெஸ்ஸில் ஐந்து லிட்டர் கேன் பதினைந்து நாளில் காலியாகிறது என்றால், முறை வைத்துச் சமைக்கிறவர்கள் நல்ல பேர் வாங்க எண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று அர்த்தம். கேனில் தேதி எழுதி வையுங்கள். அதற்கு மேல் பேச்சு தேவைப்படாது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடம் நடை. கோடையில் வெளியே முடியாது, கேம்ப் காரிடாரிலேயே நடக்கலாம். வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடம் சேர வேண்டும். அதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 தடவை, சுவரில் கை ஊன்றித் தண்டால் 10 தடவை, தண்ணீர் கேனைத் தூக்கி இறக்குவது 10 தடவை. இப்படி மூன்று சுற்று. பட்டறையில்தான் நாள் முழுக்க நிற்கிறோமே என்பார்கள். நிற்பது வேறு, இது வேறு.

மாத்திரை தந்தால் (பெரும்பாலும் மெட்ஃபார்மினில்தான் தொடங்குவார்கள்) சாப்பாட்டோடு போடுங்கள். வயிற்றைக் கலக்குவது பெரும்பாலும் முதல் இரண்டு வாரம்தான், அதற்காக நிறுத்த வேண்டாம். ஆண்டுக்கணக்கில் போடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை என்றால், வெயிலில் வேலை என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவை சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளும்போது தண்ணீரும் சேர்ந்து போகும்.

ஆண்டுக்கு ஒருமுறை கண்ணின் விழித்திரை, சிறுநீரகத்துக்காக சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியேட்டினின், பிறகு பாதம் பார்க்க வேண்டும். உங்கள் தொழிலுக்குப் பாதம்தான் முக்கியம். கிரைண்டிங் பொறி சேஃப்டி ஷூவுக்குள் விழுந்து சாக்ஸைச் சுட்டிருக்கும், பாதம் மரத்தவருக்குத் தெரியாது. சாயங்காலம் ஷூ கழற்றியதும் போன் கேமராவில் உள்ளங்காலைப் படம் எடுத்துப் பாருங்கள். விரலிடுக்கையும் விடாதீர்கள்.

ஊரிலிருந்து மாத்திரை கொண்டுபோனால் மருந்தின் பொதுப்பெயர் உள்ள சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் கொண்டுபோங்கள். டிராமடால், கோடீன் கலந்த வலி, இருமல் மருந்துகள் எமிரேட்ஸில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை, முன் அனுமதி வேண்டும். அம்மா குருமாவுக்குக் கட்டிக் கொடுக்கும் கசகசா அங்கே தடை செய்யப்பட்டது. பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடுங்கள்.

தோஹாவில் ஸ்காஃபோல்டிங் வேலை. இரண்டாம் முறையாகச் சிறுநீரகக் கல். பாலையும் தக்காளியையும் நிறுத்திவிட்டேன். வாழைத்தண்டுச் சாறு கல்லைக் கரைக்குமா?

கரைக்காது. பிடித்தால் குடியுங்கள், அதில் தண்ணீர் இருக்கிறது, அவ்வளவுதான். பாலை நிறுத்தியது தவறு. சாப்பாட்டோடு சேரும் கால்சியம், கல்லுக்குக் காரணமான ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடும். பால் இல்லாவிட்டால் ஆக்சலேட் சிறுநீருக்கு வந்து சேரும். குறைக்க வேண்டியது உப்பு: ஊறுகாய், கருவாடு, அப்பளம், பாக்கெட் நூடுல்ஸ். எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு டீஸ்பூன், 5 கிராமுக்கு மேல் போகக் கூடாது.

எவ்வளவு குடித்தோம் என்பது கணக்கல்ல, எவ்வளவு கழித்தோம் என்பதுதான் கணக்கு. நாளுக்கு 2 முதல் 2.5 லிட்டர் சிறுநீர் போக வேண்டும். ஒரு லீவு நாளில் பாட்டிலில் அளந்தே பாருங்கள். சைட்டில் 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், சுமார் 240 மில்லி. மொத்தமாக மதியம் ஒரு பாட்டிலைக் கவிழ்ப்பதில் பயனில்லை, மணிக்கு 1.4 லிட்டருக்கு மேல் போனால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம், சீனி வேண்டாம்.

அடுத்த கல் விழுந்தால் வடிகட்டிப் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். யூரிக் அமிலக் கல்லுக்கும் கால்சியம் கல்லுக்கும் வைத்தியம் வேறு. வலியோடு காய்ச்சலும் குளிரும் வந்தால் அன்றே ஆஸ்பத்திரி, காலை வரை காத்திருக்கக் கூடாது.

கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை வெளி வேலைக்குத் தடை. சைட்டில் அதைக் கேட்டு வாங்குங்கள். வெக்கேஷன் முடிந்து கோடையில் திரும்பினால் முதல் நாள் வழக்கமான வேலையில் பாதி, இரண்டாம் நாள் 60 சதவீதம், மூன்றாம் நாள் 80, நாலாம் நாள்தான் முழு வேலை. ஊரில் ஒரு மாதம் இருந்தால் உடம்பு அந்தச் சூட்டை மறந்துவிடும்.

கிளினிக்கில் பி.பி. 150/95, ரூமில் 132/84. எதை நம்புவது?

ஒழுங்காக எடுத்திருந்தால் ரூமில் எடுத்ததை. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, கால் தரையில், கை நெஞ்சு மட்டத்தில்; அதற்கு அரை மணி முன்பிருந்து டீ, சிகரெட் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. ஏழு நாள் காலையும் மாலையும் எழுதி, முதல் நாளைத் தள்ளிவிட்டுச் சராசரி எடுங்கள். வீட்டு அளவில் 135/85 தாண்டினால்தான் ரத்த அழுத்தம். பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் பொய்யாக ஏற்றிக் காட்டும்.

துபாயில் 18 வருடம். வயது 49. அடிப்படைச் சம்பளம் 2,000 திர்ஹம், அலவன்ஸோடு 3,800. கும்பகோணத்தில் 76 வயது அம்மா, மனைவி, பிளஸ் டூ முடிக்கும் மகள். சர்க்கரை லேசாக இருக்கிறது. ‘இன்னும் ரெண்டு வருஷம்’ என்று ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எப்போது கேன்சலில் (விசாவை ரத்து செய்துவிட்டு ஒரேயடியாக ஊருக்கு) போகலாம்?

முதலில் செட்டில்மென்ட், அதாவது வேலையை விடும்போது கம்பெனி முடித்துத் தரும் பணம். எமிரேட்ஸ் சட்டப்படி கிராஜுவிட்டி (பணிக்கொடை) அடிப்படைச் சம்பளத்துக்குத்தான். முதல் 5 வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள், அதற்குமேல் வருடத்துக்கு 30 நாள். உங்களுக்கு 105 நாள் கூட்டல் 390 நாள், மொத்தம் 495 நாள். நாளுக்கு 66.67 திர்ஹம் வீதம் 33,000 திர்ஹம். உச்சவரம்பு இரண்டு வருடச் சம்பளம், அதற்குள்தான் இருக்கிறது. திர்ஹம் 23 ரூபாய் என்று வைத்தால் 7.59 லட்சம். மாதம் 35,000 செலவாகும் வீட்டுக்கு 21 மாதம் வரும்.

இப்போது அந்த ‘ரெண்டு வருஷம்’. அது கிராஜுவிட்டியில் சேர்ப்பது 60 நாள் சம்பளம், 4,000 திர்ஹம், ஏறக்குறைய 92,000 ரூபாய். அதற்காக இருப்பதில் அர்த்தமில்லை. மாதாமாதம் மிச்சம் பிடிக்கும் பணம்தான் கணக்கு. கடந்த 24 மாதத்தில் பாஸ்புக்கில் எவ்வளவு ஏறியிருக்கிறது? வீட்டுக்கு அனுப்பியதைச் சொல்லவில்லை, செலவு போக நின்றதைச் சொல்கிறோம். அது எவ்வளவோ அடுத்த 24 மாதமும் அவ்வளவுதான் நிற்கும்.

ஆனாலும் நாளைக்கே கிளம்புங்கள் என்று சொல்ல மாட்டோம். காரணம் இன்ஷூரன்ஸ். விசா கேன்சல் ஆனால் கம்பெனிக் காப்பீடு போய்விடும். ஊருக்கு வந்து சர்க்கரையோடு புதுப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 வருடம் வரை காத்திருப்பு வைப்பார்கள். ஐம்பதிலிருந்து ஐம்பத்துமூன்று வரை, நெஞ்சுவலி வரக்கூடிய வயதில், கையில் கிராஜுவிட்டி மட்டும்தான் இருக்கும். ஒரு ஆஞ்சியோபிளாஸ்டியில் அதில் எவ்வளவு நிற்கும் என்று யோசியுங்கள். ஆகவே இந்த வெக்கேஷனிலேயே இந்தியாவில் குடும்பப் பாலிசி எடுத்துவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும்போதும் அந்தக் காத்திருப்புக் காலம் ஓடிக்கொண்டிருக்கும். தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை.

கெடுவது எங்கே என்றால், விண்ணப்பத்தில். ஏஜென்ட் எல்லா நோய்க் கட்டத்திலும் ‘இல்லை’ என்று டிக் அடித்துக் கையெழுத்துக்கு நீட்டுவார். சர்க்கரை, போடும் மாத்திரை, எடுத்த ஆபரேஷன் எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். பிரீமியம் கூடும், கூடட்டும். மறைத்துவிட்டால் பின்னால் கிளெய்மே நிராகரிக்கப்படலாம்.

அடுத்து ஆறு மாத ஒத்திகை. ஊர் வந்தபின் வாடகை, டெபாசிட் வட்டி, நீங்கள் அங்கே பார்க்கக்கூடிய வேலை எல்லாம் சேர்ந்து மாதம் எவ்வளவு வரும் என்று குறைத்தே போடுங்கள். அந்தத் தொகையை மட்டும் வீட்டுக்கு அனுப்புங்கள், மீதியைத் தனிக் கணக்கில் போடுங்கள். மனைவியிடம் முன்னாலேயே சொல்லிவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் வேறு சந்தேகம் வரும். ஆறு மாதமும் கடன் வாங்காமல் ஓடினால் நீங்கள் தயார். மூன்றாம் மாதமே கைமாற்று என்றால் எது இடிக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

எங்கள் கணக்கில் நீங்கள் கிளம்ப வேண்டிய வயது 52. பாலிசியின் காத்திருப்பு முடிந்திருக்கும், மகள் கல்லூரிப் படிப்பின் கடைசியில் இருப்பாள். இடையில் அம்மா படுத்துவிட்டால் சம்பளமில்லாத விடுப்பைக் கேளுங்கள், பதறி ராஜினாமா எழுத வேண்டாம். அம்மாவுக்கு பி.பி., சர்க்கரை மாத்திரை என்றால், தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பதிந்தால் வீட்டுக்கே வந்து அளந்து பார்த்து மாத்திரை தருவார்கள்.

கேன்சலுக்கு முன் பல், கண்ணாடி, தள்ளிப்போட்ட ஹெர்னியா எல்லாவற்றையும் கம்பெனிக் காப்பீட்டிலேயே முடியுங்கள். ரிப்போர்ட்டுகளை பி.டி.எஃப். ஆக வாங்குங்கள். கிரெடிட் கார்டு, லோன் பாக்கியில்லை என்ற கடிதம் வேண்டும், பாக்கி வழக்கானால் பயணத் தடை வரலாம். வேலை ஒப்பந்தம் முடிந்த 14 நாளுக்குள் செட்டில்மென்ட் தர வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். பணம் ஏறுவதற்கு முன் ‘எல்லாம் பெற்றுக்கொண்டேன்’ தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வந்த முதல் ஆறு மாதம் அந்தப் பணத்தில் ஹோட்டலும் வேண்டாம், மச்சானோடு கூட்டும் வேண்டாம்.

ஊரோடு வந்துவிட்டேன். என்.ஆர்.இ. (வெளிநாட்டுவாசிகளுக்கான) டெபாசிட்டை அப்படியே விடலாமா?

கூடாது. நிரந்தரமாகத் திரும்பியதை வங்கிக்குச் சொல்லி, சாதாரணக் கணக்காகவோ ஆர்.எஃப்.சி. கணக்காகவோ (ஊர் திரும்பியவர் வெளிநாட்டு நாணயத்திலேயே வைக்கும் கணக்கு) மாற்றுங்கள். டெபாசிட் பேசிய வட்டியில் முதிர்வு வரை ஓடும், ஆனால் வட்டிக்கு இருந்த வரிவிலக்கு போய்விடும். வருமான வரியில் உங்கள் நிலை தனிக் கணக்கு: முந்தைய 10 வருடத்தில் 9 வருடம் வெளிநாட்டுவாசியாக இருந்தாலோ, முந்தைய 7 வருடத்தில் இந்தியாவில் 729 நாளுக்கு மேல் இல்லாவிட்டாலோ, பொதுவாக இரண்டு, மூன்று வருடம் வரை அங்கிருந்து வரும் வட்டிக்கு இங்கே வரி இல்லை. பாஸ்போர்ட் முத்திரைகளை எண்ணி ஆடிட்டரிடம் கொடுங்கள். பழைய பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

என் வயது 47. கணவர் குவைத்தில். ஒவ்வொரு லீவிலும் அவருக்கு மாஸ்டர் செக்கப் எடுக்கிறோம். எனக்கு ஒரு வருடமாக மாதவிடாய் ஒழுங்கில்லை, சில மாதம் பத்து நாள் நீள்கிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இந்த வயதில் சகஜம்தானே?

தேதி தள்ளிப்போவது சகஜம். பத்து நாள் ஓடுவதும் மூச்சு வாங்குவதும் சகஜமில்லை. அவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழ் என்றால் ரத்தசோகை, 8-க்குக் கீழ் என்றால் அவசரம். கூடவே தைராய்டு, அடிவயிற்று ஸ்கேன். 45 தாண்டியவருக்கு இப்படி ரத்தப்போக்கு நீண்டால் கருப்பை உள்சவ்வில் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்வார்கள். மறுக்காதீர்கள்.

இரும்பு மாத்திரையை டீ, காபி, பாலோடு போட்டால் உடம்பில் ஒட்டாது; இரண்டு மணி இடைவெளி விட்டு, எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். ஹீமோகுளோபின் அளவு சரியானபின்னும் மூன்று மாதம் தொடர வேண்டும். கருப்பை வாய்ப் பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகச் செய்கிறார்கள். முழுதாக 12 மாதம் நின்றபின் ஒரு சொட்டுப் பட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும்.

போவதற்கு முன் சமையலறை மாதக் காலண்டரில் போக்கு இருந்த நாட்களையும், அன்றன்றைக்கு மாற்றிய நாப்கின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். இந்த மாதத் தாளோடு போன மூன்று மாதத் தாள்களும் இருந்தால் கிழித்து எடுத்துப்போங்கள்.