“சர்வர் வேலையா?” என்று கேட்ட பெரியப்பாவுக்கும் சேர்த்து

மகளை அடுத்து என்ன படிக்க வைக்கலாம், எந்த வேலைக்கு அனுப்பலாம் என்று என்னிடம் ஆலோசனை கேட்க, போன சனிக்கிழமை கொளத்தூரிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். கூடவே மகளும், கணவரின் அண்ணனும். கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட், வர முடியவில்லை. மகள் இந்த வருடம் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்திருக்கிறாள். படிக்கும்போதே மாலை நேரங்களில் தி.நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீசுக்குப் போய் வந்தவள், இப்போதும் போகிறாள்.

பெரியப்பா ஒரு விளம்பரத் தாளை என் மேசையில் விரித்தார். ஏஐ, டேட்டா சயின்ஸ், ஒன்பது மாதம், 2,75,000 ரூபாய், வேலைக்கு உத்தரவாதம். அம்மாவின் ஆரமும் நாலு வளையலும் அடகுக்குத் தயாராக இருந்தன.

நான் வழக்கம்போல, “பயப்படாதீங்கம்மா, நிதானமா யோசிக்கலாம்” என்றுதான் ஆரம்பித்தேன். அப்புறம் பெண்ணிடம், ஆபீசில் என்ன வேலை என்று கேட்டேன். அவள் வாய் திறப்பதற்குள் பெரியப்பா முந்திக்கொண்டார். “சர்வரைப் பாத்துக்கிறாளாம் சார். டிகிரி முடிச்சிட்டு சர்வர் வேலை!” என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

கொஞ்சம் தயங்கிவிட்டு அவளே சொன்னாள்: “20ஆம் தேதி வந்தா ஜிஎஸ்டி கடைசி நாள் சார். 14 பேரு ஒரே சர்வர்ல இருப்பாங்க. பாதிப் பேரு வீட்ல இருந்து. கணக்கு எழுதற டேலி நகரவே நகராது. யாரு நிஜமா வேலை செய்யறாங்க, யாரு சும்மா ஜன்னலை மூடிட்டுப் போயிட்டாங்கன்னு பாத்து, போன் பண்ணிக் கேட்டுட்டு அப்புறம்தான் வெளியேத்துவேன். கேக்காம வெளியேத்தினா டேட்டா போயிடும்ல.”

அந்த ‘கேட்டுட்டு அப்புறம்தான்’ என்ற சொல் என் காதில் விழுந்ததும் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன். அம்மா, இனி எழுதுவது உங்களுக்கு. பெரியப்பாவிடமும் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் மகளுக்கு ஒரு தொழில் பாதி கைவந்துவிட்டது. தொலைவிலிருந்து பலர் சர்வர் என்ற ஒரே பொதுக் கம்ப்யூட்டருக்குள் வந்து உட்கார்ந்து வேலை செய்யும்போது, அவர்கள் ஒவ்வொருவரின் செஷனையும், அதாவது உள்ளே நுழைந்தது முதல் வெளியேறுவது வரையிலான அமர்வையும், கவனித்து, ஒழுங்குபடுத்தி, தேவைப்பட்டால் முடித்துவைக்கும் வேலை அது. பாரிமுனையில் மொத்த வியாபாரம் செய்பவரின் கணக்கிலிருந்து, ஓஎம்ஆரில் இரவெல்லாம் விளக்கு எரியும் அலுவலகங்கள் வரை இந்த ஏற்பாடு உண்டு. யாரும் இதற்கு பேனர் வைப்பதில்லை, அவ்வளவுதான். எம்.சி.ஏ., எம்.பி.ஏ., வங்கித் தேர்வு, குரூப் 4 பற்றியெல்லாம் ஊரே உங்களுக்குச் சொல்லும். நான் சொல்லப்போவதில்லை.

அந்தக் கோர்ஸ் வேண்டாம் என்று நேரிலேயே சொன்னேன், திரும்பவும் சொல்கிறேன். டேட்டா சயின்ஸ் மட்டமான படிப்பில்லை. அதற்குப் புள்ளியியல் பிடிக்க வேண்டும், நேரியல் இயற்கணிதம் பிடிக்க வேண்டும். உங்கள் மகள் அலைட் மேத்ஸில் இரண்டு முறை அரியர் வைத்துத் தேறியதாக அவளே சொன்னாள். பிடிக்காத பாடத்தை நகை அடகு வைத்து ஒன்பது மாதம் படிக்க வைக்கிறோம் என்றால் அது யாருடைய ஆசைக்கு? ‘வேலைக்கு உத்தரவாதம்’ என்பதன் பொருள் என்ன, எவ்வளவு சம்பளத்தில், எந்த ஊரில், கிடைக்காவிட்டால் எத்தனை நாளில் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டதும் பேச்சின் தொனி மாறும், பாருங்கள்.

இப்போது அந்தப் பெண்ணுக்கு.

பஸ் சீட்டில் துண்டு போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவரைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? ஆள் இல்லை, இடம் மட்டும் பிடித்தபடி இருக்கும். ஜன்னலை மூடிவிட்டுப் போகிறவரின் செஷன் அதுதான், ‘டிஸ்கனெக்டட்’. உள்ளே டேலி ஓடிக்கொண்டே இருக்கும், நினைவகம் தின்னும், கோப்பைப் பிடித்து வைத்திருக்கும். முறையாக ‘லாக் ஆஃப்’ செய்தவர்தான் துண்டையும் எடுத்துக்கொண்டு இறங்கியவர். கைபடாமல் சும்மா திறந்து கிடப்பது ‘ஐடில்’. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதில்தான் இந்தத் தொழில் தொடங்குகிறது. நீ போன் செய்து கேட்டு ஏற்கெனவே அதைச் செய்துகொண்டிருக்கிறாய், பெயர் மட்டும் தெரியவில்லை.

எந்த டூலைக் கற்றுக்கொள்வது என்று கேட்டாய். முதலில் காசில்லாதவை. விண்டோஸ் சர்வரிலேயே ‘குவெரி யூசர்’ என்ற கட்டளை இருக்கிறது. யார் உள்ளே, எந்த எண், எவ்வளவு நேரமாகச் சும்மா, எப்போது வந்தார் என்று ஒரே திரையில் காட்டும். ‘லாக்ஆஃப்’ கட்டளையோடு அந்த எண்ணைக் கொடுத்தால் அந்த ஒருவர் மட்டும் வெளியேறுவார். ‘ரீசெட் செஷன்’ வேறு. அது கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது மாதிரி. சேமிக்காதது இரண்டிலுமே போகலாம். உறைந்துபோன செஷனுக்கு மட்டும் ரீசெட்டை வைத்துக்கொள். விண்டோஸோடு வரும் பவர்ஷெல் என்ற கட்டளை மொழியில் இதையே பல சர்வர்களுக்குச் சேர்த்துச் செய்யலாம், வெளியேற்றுவதற்கு முன் பயனருக்குச் செய்தியும் அனுப்பலாம். 20ஆம் தேதி நீ 14 போன் செய்யத் தேவையில்லை.

அதைவிட முக்கியமானது குரூப் பாலிசி, எல்லோருக்கும் பொதுவான விதிகளை எழுதி வைக்கும் இடம். ‘டிஸ்கனெக்டட்’ செஷன் இத்தனை மணி நேரத்துக்குப் பிறகு தானாக முடியட்டும் என்று அங்கே எழுதி வைக்கலாம். ஆனால் ஆடிட்டர் ஆபீசில் 15 நிமிடம் என்று வைத்தால் என்ன ஆகும்? வீட்டில் மின்சாரம் போன அக்கவுண்டன்ட், இன்வெர்ட்டருக்கு மாறி, மோடம் உயிர்பெற்று, திரும்பி வருவதற்குள் பாதி வவுச்சர் காணாமல் போயிருக்கும். எத்தனை மணி நேரம் என்பதற்கு எந்தப் புத்தகத்திலும் விடையில்லை. அந்த ஆபீசின் பழக்கம் தெரிந்தவளுக்குத்தான் தெரியும், அதாவது உனக்கு.

பிராண்டுகளை நம்பிப் பணம் கட்டுவதை நான் ஏன் எதிர்க்கிறேன் என்றால், நானே ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பையனை ஒரு பெரிய கம்பெனி மென்பொருள் பயிற்சிக்கு அனுப்பினேன். மெனுக்களையெல்லாம் மனப்பாடம் செய்து வந்தான். நேர்முகத் தேர்வில் டிஸ்கனெக்டுக்கும் லாக் ஆஃபுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள், விழித்தான். பையன் மேல் தப்பில்லை, அனுப்பியது நான்.

டூல்களுக்கு ஆயுள் எவ்வளவு என்றும் பார். செஷன்களைக் காட்டிய மைக்ரோசாஃப்டின் பழைய மேலாளர் ஜன்னலை விண்டோஸ் சர்வர் 2012-இல் எடுத்துவிட்டார்கள். அடுத்தவர் திரையைக் கூட இருந்து பார்க்கும் ‘ஷேடோ’ வசதியும் அதோடு போய், 2012 ஆர்2-இல்தான் திரும்பி வந்தது. பல சர்வர்களை ஒரே ஜன்னலில் அடுக்கித் தந்த அவர்களுடைய ஆர்.டி.சி. மேனேஜரை 2020-இல் பாதுகாப்பு ஓட்டை காரணமாக நிறுத்தி, மறு வருடம் சிஸ்இன்டர்னல்ஸ் என்ற தங்கள் இலவச டூல் தொகுப்பில் திரும்பக் கொண்டுவந்தார்கள். இதே தொழிலுக்கு மென்பொருள் விற்கும் சிட்ரிக்ஸ் கம்பெனி 2022-இல் கைமாறியது. இன்னொரு கம்பெனியான விஎம்வேரை 2023-இல் பிராட்காம் வாங்கியது, அதன் ஹொரைசன் என்ற தொலைதிரை மென்பொருள் பிரிந்து 2024-இல் ஆம்னிஸா என்ற தனிக் கம்பெனி ஆனது. இவ்வளவு ஆட்டத்துக்கு நடுவிலும் ‘குவெரி யூசர்’ இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஆபீசுக்காக ஒரு கட்டண டூலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அழகான திரையைப் பார்க்காதே. கடவுச்சொற்களை எங்கே, எப்படிப் பூட்டி வைக்கிறது என்று முதலில் பார். யார் யாரை எப்போது வெளியேற்றினார் என்ற பதிவு நிற்கிறதா என்று பார். ஷேடோ செய்யும்போது எதிரில் இருப்பவரிடம் சம்மதம் கேட்கிறதா? கேட்காமலும் பார்க்கும்படி அமைக்க முடியும், ஆனால் ஆடிட்டர் ஆபீசில் ஒவ்வொரு திரையிலும் யாரோ ஒருவரின் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் இருக்கும். சம்மதத்தை அணைக்கச் சொல்லும் முதலாளியிடம், எழுத்தில் கொடுங்கள் சார் என்று கேள். விலை சர்வருக்கா, நிர்வாகிக்கா, பயனருக்கா என்பதையும் பார்க்க வேண்டும். 14 பேருக்கு மலிவாகத் தெரிவது 60 பேரில் வீட்டு வாடகையைத் தாண்டும்.

உரிமம் பற்றிப் பேசத் தெரிந்த ஆள் எங்கு போனாலும் மதிக்கப்படுவார். விண்டோஸ் சர்வரில் நிர்வாக வேலைக்கென்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் நுழையலாம். அதற்கு மேல் ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்ய ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் அமைத்து, அதற்கான உரிமம் வாங்க வேண்டும். 120 நாள் சலுகைக் காலம் உண்டு, பல ஆபீசில் அது முடிந்த மறுநாள்தான் எல்லோருக்கும் உரிமம் நினைவுக்கு வரும். உரிமம் ஆளுக்கும் வாங்கலாம், கருவிக்கும் வாங்கலாம். ஒரே கம்ப்யூட்டரில் மூன்று ஷிப்ட் ஆட்கள் மாறி மாறி உட்காரும் இடத்தில் கருவிக்கு வாங்குவதுதான் லாபம். ஆபீசில் ஒரு மெஷின், வீட்டில் ஒரு லேப்டாப் என்று இருக்கும் அக்கவுண்டன்டுகளுக்கு ஆள் கணக்கு. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினால் உன் முதலாளி நிமிர்ந்து உட்காருவார்.

சின்ன ஆபீஸ்களில் இரண்டு கெட்ட பழக்கம் உண்டு. ஒன்று, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே உட்கார வேண்டிய சாதாரண விண்டோஸ் 10, 11-இல் ஏதோ பேட்ச் போட்டுப் பத்துப் பேரை ஏற்றுவது. அது உரிம மீறல், அப்டேட் வந்தால் உடையவும் செய்யும். இன்னொன்று, ரிமோட் டெஸ்க்டாப் நுழையும் 3389 என்ற வாசலை (போர்ட்) இணையத்துக்கு நேராகத் திறந்து வைப்பது. 2019-இல் புளூகீப் என்ற ஓட்டை வெளிவந்தபோது பழைய விண்டோஸ்களுக்குள் நுழையக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. விபிஎன் என்ற பூட்டிய தனிப்பாதை அல்லது ஆர்.டி. கேட்வே என்ற காவல் வாசல் வழியாகத்தான் உள்ளே விட வேண்டும். உன் ஆபீசில் எப்படி இருக்கிறது என்று திங்கட்கிழமையே போய்ப் பார்.

லினக்ஸையும் தொட்டு வை. லினக்ஸுக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் எக்ஸ்ஆர்டிபி, பிரவுசரிலேயே திரையைக் காட்டும் அப்பாச்சி குவாகமோலி, இரண்டும் இலவசம். அப்புறம், இதே ஏற்பாட்டை மைக்ரோசாஃப்டின் கிளவுடில் தரும் அஷூர் வர்ச்சுவல் டெஸ்க்டாப். சான்றிதழ் வேண்டுமென்றால் அதற்கு ஏ.இசட்-140 என்ற தேர்வு இருக்கிறது. ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு எழுது, அதற்கு முன் வேண்டாம்.

அம்மா, செலவுக்கு வருவோம். 16 ஜிபி ராம் உள்ள ஒரு பழைய லேப்டாப் ரிச்சி தெருவில் கிடைக்கும். கடைக்காரர் கேட்கும் விலையை அப்படியே கொடுத்துவிடாதீர்கள், பெண்ணையும் கூட்டிப் போங்கள், அவளுக்குப் பார்க்கத் தெரியும். விண்டோஸ் சர்வரை மைக்ரோசாஃப்டே 180 நாள் சோதனைக்கு இலவசமாகத் தருகிறது, ஒரே லேப்டாப்புக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டிக் காட்டும் விர்ச்சுவல்பாக்ஸும் இலவசம். இரண்டு சர்வர், அவற்றுக்குள் நுழையும் ஒரு கிளையன்ட் என்று வீட்டிலேயே ஒரு குட்டி ஆபீஸ் அமைத்து, உடைத்து, சரிசெய்து பழகட்டும். எல்லாம் சேர்த்து அந்தக் கோர்ஸ் பணத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஆரம் பீரோவிலேயே இருக்கும்.

சான்றிதழ் இல்லாமல் எப்படி என்று கேட்டீர்கள். தரமணி சி.ஐ.டி. வளாகத்தில் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் இருக்கிறது. புதிதாகப் பட்டமும் டிப்ளமோவும் முடித்தவர்களுக்கு, 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கம்பெனிகளில் ஒரு வருடப் பயிற்சி. மாதாமாதம் உதவித்தொகை உண்டு, முடிவில் மத்திய அரசின் சான்றிதழ். ஒரு காலத்தில் என்ஜினியரிங்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்திருந்தோம், இப்போது பி.எஸ்சி., பி.காம். முடித்தவர்களும் சேரலாம். இணையத்தில் பதிவு செய்யக் காசு கிடையாது. யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். விண்ணப்பத்தில் ‘சிஸ்டம்ஸ்’, ‘ஐடி இன்ஃப்ராஸ்ட்ரக்சர்’ என்று கேட்கும் இடங்களாகப் பார்த்துப் போடட்டும். இந்த வழியை எத்தனையோ குடும்பங்களுக்குச் சொல்லியிருக்கிறேன், பாதிப் பேர் பெயர் ‘பழகுநர்’ என்றிருப்பதைப் பார்த்தே முகம் சுளித்துவிட்டார்கள்.

ஏஐ இந்த வேலையைத் தின்றுவிடாதா என்றார் பெரியப்பா. நியாயமான கேள்வி. கடவுச்சொல் மாற்றித் தருவதும், ‘டிக்கெட்’ என்ற புகார்ப் பதிவுகளை மூடுவதும் குறையத்தான் செய்யும். அதனால்தான் பவர்ஷெல்லை அழுத்திச் சொல்கிறேன். ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, அதையும் மறைக்கவில்லை. இரவு ஷிப்ட் வரும். அதைப் பற்றி முடிவெடுக்க வேண்டியது பெரியப்பா இல்லை, நீங்களும் இல்லை. கம்பெனி வண்டி வீட்டு வாசல் வரை வருமா, கூடக் காவலாள் உண்டா என்று நீங்கள் கேளுங்கள். போவதா வேண்டாமா என்று அவள் சொல்லட்டும்.

கோர்ஸுக்கு 10,000 ரூபாய் முன்பணம் கட்டியிருப்பதாக எழுந்து போகும்போதுதான் சொன்னீர்கள். நாளையே நேரில் போய் ரசீதைக் காட்டி, வேண்டாம் என்று கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பித் தர மறுத்தால் 1915-ஐ அழையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் அது.

20ஆம் தேதி அவளுக்கு ஒழியாது. 22ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். யார் யாரை எத்தனை மணிக்கு வெளியேற்றினாள், ஏன் என்று அவள் எழுதி வைத்திருக்கும் அந்த நீல அட்டை நோட்டையும் அன்று எடுத்து வரட்டும். அதை வைத்துத்தான் அவளுடைய பயோடேட்டாவை எழுதப்போகிறோம்.