மூன்றாவது பெயருக்குச் சட்டத்தில் இடம் உண்டா?

கேள்வி: என் வயது 36. ஒரு தம்பதியோடு ஆறு ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாழ்கிறேன். மூவரும் மனமொத்து எடுத்த முடிவு. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. சென்ற மாதம் அந்தக் கணவருக்குத் திடீரென்று அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்தது. அவர் மனைவி வெளியூரில் இருந்தார். மருத்துவமனைப் படிவத்தில் ‘உறவுமுறை’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் ‘தோழி’ என்று எழுதினேன். செவிலியர் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “குடும்பத்தார் யாராவது வந்தால் சொல்லுங்கள்” என்றார். வீட்டுக் கடனில் மூன்றில் ஒரு பங்கை நான் கட்டுகிறேன். பத்திரம் அவர்கள் இருவர் பெயரில் இருக்கிறது. அவர்களுடைய நான்கு வயது மகளைப் பிறந்த நாள் முதல் நானும் சேர்ந்து வளர்க்கிறேன். நாங்கள் செய்வது குற்றமா? மூவரும் திருமணம் செய்துகொள்ள முடியுமா? எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

பதில்: சகோதரி, அந்தப் படிவத்தை உங்கள் கையிலிருந்து வாங்கிய செவிலியர் மீது எனக்கு வருத்தமில்லை. உங்களை யாரென்று குறிப்பதற்குச் சட்டம் அவரிடம் ஒரு சொல்லைக் கொடுத்திருக்கவில்லை. நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் வேர் அதுதான். எந்த நாட்டில் வசிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஆகவே பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்துவதைச் சொல்கிறேன்.

முதலில் குற்றமா என்பது. எல்லோர் சம்மதத்தோடும் ஒருவருக்கு மேற்பட்டவர்களோடு உறவு கொள்ளும், பாலியமரி என்று இன்று அழைக்கப்படும் பன்மைக் காதல் வேறு, பலதார மணம் வேறு. சட்டம் தண்டிப்பது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். மணவாழ்க்கைக்கு வெளியே உறவு கொள்வதைக் குற்றமாக வைத்திருந்த சட்டங்களைத் தென்கொரியா 2015-லும், இந்தியா 2018-லும், தைவான் 2020-லும் நீதிமன்றத் தீர்ப்புகளால் நீக்கின. ஆனால் அதை இன்றும் குற்றமாகவே வைத்திருக்கும் நாடுகள் இருக்கின்றன. நீங்கள் அப்படிப்பட்ட நாட்டில் இருந்தால், வேறு எதையும் செய்யுமுன் உள்ளூர் வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

மூவர் திருமணம் என்ற ஆசையை மட்டும் தயவுசெய்து தள்ளிவையுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண உச்ச நீதிமன்றம் 2011-இல் பலதார மணத் தடையை ஆராய்ந்தபோது, திருமணத்துக்கு நிகரான சடங்கோ அங்கீகாரமோ இல்லாமல் சேர்ந்து வாழ்பவர்களை அந்தத் தடை தொடாது என்ற வகையில் விளக்கம் தந்தது. இந்தியாவிலும் இருதார மணக் குற்றம் நிலைக்க, இரண்டாவது திருமணம் உரிய சடங்குகளோடு நடந்தது நிரூபிக்கப்பட வேண்டும். நிரூபிக்கப்பட்டால் ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை. அதாவது, ஒரே கூரையின் கீழ் ஆறு ஆண்டுகள் வாழ்ந்ததில் வராத ஆபத்து, அன்பின் பெயரால் நடத்தும் ஒருநாள் சடங்கில் வந்து சேரலாம். மோதிரம் மாற்றிக்கொள்ளும் சிறிய விழா என்றாலும் முதலில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

திருமணம் இல்லாமல் மூவரையும் ஏற்கும் சட்டம் எங்குமே இல்லையா? மிகச் சில இடங்களில் இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சோமர்வில் நகரம் 2020-இல், திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வோருக்கான இல்லத் துணைவர் பதிவை இருவருக்கு மேற்பட்டவர்களுக்கும் திறந்தது. கொரோனா காலத்தில் மருத்துவமனையில் துணையைப் பார்க்க முடியுமா என்ற கவலையும் அதற்கு ஒரு காரணம். நீங்கள் கையில் பேனாவோடு நின்ற அதே கட்டம்தான், பாருங்கள். அடுத்த ஆண்டு பக்கத்து நகரமான கேம்பிரிட்ஜும் அதைப் பின்பற்றியது. பிரேசில் எதிர்த்திசையில் போனது. அங்கே 2012-இல் ஒரு பத்திரப்பதிவு அலுவலகம் மூவர் இணைவைப் பதிவு செய்தது. 2018-இல் நீதித்துறையை மேற்பார்வையிடும் தேசிய நீதிக் குழு அத்தகைய பதிவுகளுக்குத் தடை விதித்தது. இன்று கிடைக்கும் அங்கீகாரம் நாளை பறிபோகலாம். ஒப்பந்தம், உயில் போன்ற பத்திரங்கள்தான் உங்களுக்கு உறுதியான பிடி.

வீட்டுக்கு வருகிறேன், உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது இதுதான். துணை இறந்ததும் உறவினர்களால் வெளியேற்றப்பட்ட ஒருவர் ஒருமுறை என்னிடம் வந்தார். பல ஆண்டு வங்கிக் கணக்கு அறிக்கையைக் கட்டாக எடுத்து வந்திருந்தார். மாதாமாதம் பணம் போயிருக்கிறது. ஆனால் எதற்காக என்று ஒரு வரிகூட இல்லை. எதிர்த்தரப்பு அதை வாடகை என்றது. இல்லை என்று மறுக்க அவரிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

நீங்கள் கட்டும் பணம் வாடகையா, கடனா, அன்பளிப்பா, பங்கா என்பதை மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இப்போதே எழுதுங்கள். முடிந்தால் உங்கள் பெயரையும் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். இந்தியாவில் பினாமிச் சட்டம் இருப்பதால், ‘பெயர் அவர்களுடையது, பணம் என்னுடையது’ என்று பிறகு வழக்காடுவது மிகக் கடினம். உயிலும் வேண்டும். வங்கியிலோ காப்பீட்டிலோ நாமினியாகப் பெயர் கொடுத்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பல நேரங்களில் நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் ஒப்படைப்பவர் மட்டுமே. வாரிசுகளுக்கென்று ஒரு பங்கைக் கட்டாயமாக ஒதுக்கும் நாடுகளில் உயிலுக்கும் எல்லை உண்டு.

குழந்தை விஷயத்தில் நம்பிக்கை தரும் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஓர் ஆணும் இரண்டு பெண்களும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் 2018-இல் ஒரு குழந்தை பிறந்தது. பெறாத அந்த இன்னொரு பெண்ணும் சட்டப்படி பெற்றோரே என்று நீதிமன்றம் 2021-இல் அறிவித்தது. கலிபோர்னியாவிலும் குழந்தையின் நலனுக்குத் தேவையென்றால் இருவருக்கு மேற்பட்டவர்களை நீதிமன்றம் பெற்றோராக ஏற்கலாம். மற்ற பெரும்பாலான இடங்களில் நீங்கள் அவளுக்கு அந்நியர்தான். இதை எழுதும்போது எனக்கே வலிக்கிறது. நான்கு ஆண்டுகளாக ஒரு குழந்தையைத் தூக்கி வளர்த்த கைகளைச் சட்டம் காண மறுப்பது அநியாயம். அது மாறும்வரை, தங்கள் இருவருக்கும் ஏதாவது நேர்ந்தால் நீங்களே பாதுகாவலராக இருக்க வேண்டும் என்று பெற்றோர் உயிலில் எழுதலாம். பல நாட்டு நீதிமன்றங்கள் அந்த விருப்பத்துக்கு மதிப்புக் கொடுக்கும். பள்ளிக்கும் மருத்துவருக்கும் தனித்தனி அனுமதிக் கடிதங்கள் வாங்கி வையுங்கள்.

ஒருவேளை பிரிய நேர்ந்தால் என்ன என்பதையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்வேன். தம்பதியர் பிரிந்தால் பல நாடுகளில் விவாகரத்துச் சட்டம் பங்கு பிரித்துக் கொடுக்கும். நீங்கள் வெளியேறினால் உங்களுக்காகப் பேச எதுவும் இல்லை. மூவரில் பாதுகாப்பு குறைந்தவர் நீங்கள். அதனால் மூவருக்கும் பொதுவாக ஒரே வழக்கறிஞரை வைக்காமல், உங்கள் நலனை மட்டும் பார்க்கும் ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள். அவர்கள் மீது சந்தேகமா என்று கேட்டால், இல்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். நாளை அவர்களே இல்லாத நாளில் அந்தக் காகிதம் அவர்களுடைய உறவினர்களிடம் பேச வேண்டும்.

எல்லாவற்றிலும் முதலில், அறுவைச் சிகிச்சை முடிந்து அந்தக் கணவர் தெளிந்து எழுந்திருக்கும் இந்த நாட்களிலேயே, அவருக்கான மருத்துவ முடிவுகளை எடுக்கும் அதிகாரத்தை மனைவிக்கும், மனைவி இல்லாதபோது உங்களுக்கும் தரும் அதிகாரப் பத்திரத்தை, உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் வடிவில் எழுதி வாங்குங்கள். அவர்கள் இருவருக்காகவும் அதேபோல் நீங்களும் ஒன்று எழுதுங்கள். அசலை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு நகலை எப்போதும் கைப்பையில் வைத்திருங்கள்.