ஆன்லைன் போக்கர் டோர்னமென்ட்டில் கடைசிக் கட்டத்தில் எப்படி ஆடுவது? பயந்து ஆடுவதால்தான் தோற்கிறேனா?

கேட்டவர் விவரத்தில் எழுதியிருப்பது இதுதான். நண்பர்கள் பன்னிரண்டு பேர் இலவசச் சிப் (பந்தய வில்லை) செயலி ஒன்றில் தனி மேசை போட்டு டோர்னமென்ட் ஆடுகிறார்கள். கடைசியில் நிற்கும் மூன்று பேருக்கு மற்றவர்கள் பிரியாணி வாங்கித் தர வேண்டும். இவர் பாதி ஆட்டம் வரை முன்னணியில் இருக்கிறார், நாலைந்து பேர் மிஞ்சும்போது வெளியே போய்விடுகிறார். "நீ பயந்து பயந்து கையை மடிக்கிறாய், அதான்" என்கிறார்களாம் நண்பர்கள். மடிப்பது (ஃபோல்டு) என்றால் வந்த சீட்டைக் கீழே வைத்து அந்தக் கையிலிருந்து விலகுவது.

அப்படிச் சொல்பவர்கள் மேல் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நீங்கள் கோவை சரவணம்பட்டிப் பக்கம் எங்கேயோ ஐடியில் இருப்பவர், அறை நண்பர்களோடு சனி இரவு ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றாலும் பரவாயில்லை, கணக்கு ஒன்றுதான்.

கமென்டில் வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒன்று. நான் யாரையும் காசு கட்டி ஆடச் சொல்லவில்லை. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டப்படி, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு நாடு முழுக்கத் தடை. திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பழைய வழக்காடலுக்கே அதில் இடமில்லை. நான் சொல்லப்போவது 2024இல் நடந்தது. அதற்கு முந்தைய நவம்பரில்தான் சென்னை உயர் நீதிமன்றம், தமிழ்நாட்டுச் சட்டத்தின் தடைப் பட்டியலில் ரம்மியையும் போக்கரையும் சேர்த்தது செல்லாது என்று சொல்லியிருந்தது. ஆக, நான் ஆடியபோது அது குற்றம் இல்லை. ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டு உயிரையும் விட்டவர்கள் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. நான் ஆடியது மாதச் செலவில் சினிமாவுக்கு ஒதுக்கும் அளவுதான். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

திருப்பூரில் சின்னதாக ஒரு பவர் டேபிள் (தையல்) யூனிட் வைத்திருக்கிறேன். ஓவர்லாக், பேட்லாக் என்று பகலெல்லாம் மிஷின் சத்தம். ஞாயிறு ராத்திரி மட்டும் லேப்டாப்பைத் திறந்து உட்காருவேன். அன்றைக்கு ஆடியது சேட்டிலைட். அதாவது ஜெயித்தால் காசு கிடையாது, அடுத்த வாரம் நடக்கும் பெரிய டோர்னமென்ட்டுக்கு டிக்கெட். மொத்தம் பத்து டிக்கெட். முதலில் வந்தாலும் பத்தாவதாக வந்தாலும் அதே டிக்கெட்தான். பதினோராவது ஆளுக்கு ஒன்றும் இல்லை.

மகள் சீருக்குப் பத்திரிகை வைக்க வெள்ளகோவிலிலிருந்து வந்திருந்த மச்சான், மழை பிடித்துக்கொண்டதால் தங்கிவிட்டார். என் மனைவிக்கு அண்ணன். சீட்டு என்றால் அவருக்கு உயிர். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பதினோரு பேர் மிச்சம், இரண்டு மேசை. நான் சிப் கணக்கில் நாலாவது இடம். இன்னொரு மேசையில் ஒருவரிடம் ஒரு பெரிய பிளைண்டுக்குக்கூடச் சிப் இல்லை, அடுத்த கையில் பெரிய பிளைண்ட் அவருக்குத்தான். (பிளைண்ட் என்பது ஒவ்வொரு கையிலும் சீட்டு வரும் முன்பே இரண்டு பேர் முறை வைத்துக் கட்டாயமாகப் போடும் பந்தயம், சின்னது ஒன்று, பெரியது ஒன்று.) இந்தக் கட்டத்தில் எல்லா மேசைகளையும் கைக்குக் கை ஒன்றாக நடத்துவார்கள். ஒரு மேசையில் கை முடிந்தாலும் மற்ற மேசை முடியும் வரை காத்திருக்க வேண்டும், யாரும் வேண்டுமென்றே இழுத்தடித்துப் பிழைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. நான் அந்த இன்னொரு மேசையையும் பக்கத்து ஜன்னலில் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மேசையில் சிப்பில் முதலிடத்தில் இருந்தவர் எடுத்த எடுப்பில் ஆல் இன் போட்டார், அதாவது கையிலிருந்த சிப் மொத்தத்தையும் வைத்தார். நடுவில் இருந்தவர்கள் மடித்துவிட்டார்கள். என் முறை. கையில் இரண்டு ஏஸ்.

"மாப்ள, ரெண்டு ஏஸுங்க! போடுங்க, போடுங்க!"

நான் ஃபோல்டு அமுக்கினேன்.

மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஏனுங்க மாப்ள, கை தவறி மாத்தி அமுத்திப் போட்டீங்களா?" என்றார். இல்லைங்க, தெரிந்துதான் அமுக்கினேன் என்றேன். எழுந்து போய்ப் படுத்துவிட்டார். அடுத்த கையில் அந்த இன்னொரு மேசைக்காரர் வெளியே போனார், எனக்கு டிக்கெட் வந்தது. அதைப் பார்க்க அவர் அங்கே இல்லை.

அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் இந்தக் கதைதான். "ரெண்டு ஏஸ் வந்தும் கீழ வெச்ச மகராசன் இவருதானுங்க" என்று சொந்தக்காரர்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறார். போக்கர் என்றால் என்னவென்றே தெரியாத பெரியவர்கள்கூட என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சீர் மண்டபத்தில் என் மாமனார், "தைரியம் வேணும் மாப்ள" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

கணக்கைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள். எதிராளி கையில் ஏதோ இரண்டு சீட்டு இருக்கிறது என்று வைத்தால், இரண்டு ஏஸ் நூற்றில் 85 முறை ஜெயிக்கும். இதைவிட நல்ல கை ஆட்டம் தொடங்கும்போது கிடையாது. ஆனால் மீதி 15 முறை நான் பதினோராவது ஆளாக வெளியே போவேன், அவரிடம் என்னைவிட அதிகச் சிப் இருந்ததால். மடித்தாலோ, அந்தச் சிப் இல்லாதவர் அடுத்த கையிலேயே போக வாய்ப்பு மிக அதிகம். அவர் தப்பித்தாலும் எனக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் குறைந்த சிப்போடு நிற்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருந்தாலே என் டிக்கெட் 85ஐ விட நிச்சயம். ஜெயித்துச் சிப்பை இரண்டு மடங்கு ஆக்கினால் என்ன கிடைக்கும்? அதே ஒரு டிக்கெட். சேட்டிலைட் சிப்பை அடுத்த ஆட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. இதைச் சொன்னால் மச்சான், "அதெல்லாஞ் செரிங்க, ஆனா ரெண்டு ஏஸுங்களே" என்பார்.

அவர் கல்யாண மண்டபத்தில் முதல் நாள் ராத்திரி விடிய விடிய ரம்மி ஆடுபவர். 101 பாயின்ட் சேர்ந்தால் வெளியே போக வேண்டிய 101 ஆட்டத்தில், சீட்டு சரியில்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு 20 பாயின்ட்டில் டிராப் சொல்லி விலகிவிடுவார். அவரே 80க்குப் பக்கம் வந்துவிட்டால் சுமாரான கையைக்கூட ஆட மாட்டார், ஃபுல் கவுன்ட் (தோற்றால் ஏறும் முழுப் பாயின்ட்) வாங்கினால் மேசையை விட்டு எழ வேண்டும் என்று. நான் செய்ததும் அதேதான். ரம்மியில் செய்தால் விவரம், போக்கரில் செய்தால் பயமாம். மண்டபத்தில் காசு வைத்து ஆடுபவரை யாரும் சூதாடி என்பதில்லை, அவர் 'சும்மா நேரம் போக்குகிறார்'. வீட்டில் லேப்டாப்பில் ஆடினால் மட்டும் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும்.

தைரியம் பற்றி என் மாமனார் வீட்டில் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னொன்றும் சேர்ந்து எரியும். சனிக்கிழமை ஆனால் டெய்லர்களுக்குச் சம்பளம் நான் கையிலிருந்து போட வேண்டும். ஆர்டர் கொடுக்கும் பார்ட்டியிடமிருந்து பில் பணம் எப்போது வரும் என்று அந்தப் பார்ட்டிக்கே தெரியாது. சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கும் வரை அதைச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்க முடியாது என்று விதி வந்தது, 2024 மார்ச் கணக்கு முடிப்பிலிருந்து. அப்பாடா என்று இருந்தேன். ஒரு பார்ட்டி என்னைக் கூப்பிட்டு, "உத்யம் பதிவை ரத்து பண்ணிட்டு வாங்க, அப்பத்தான் ஆர்டர்" என்றார். சிறு தொழில் என்று அரசிடம் செய்யும் பதிவுதான் உத்யம். எங்களைக் காப்பாற்ற வந்த விதியைக் காட்டியே எங்களைக் கழற்றிவிடுகிறார்கள். நான் ரத்து செய்யவில்லை, அந்த ஆர்டரும் வரவில்லை. இதற்குக் கேள்வி பதில் தளத்தில் யாரும் பதில் சொல்வதில்லை.

சரி, உங்கள் பிரியாணிக்கு வருவோம்.

உங்கள் மேசையில் முதல் மூன்று பேருக்கும் ஒரே பிரியாணி. அதாவது உங்கள் ஆட்டமும் சேட்டிலைட்தான், உங்கள் நண்பர்களுக்கு அது புரியவில்லை. நாலு பேர் மிச்சம், நாலு பேரிடமும் சம சிப் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு முக்கால் பிரியாணி ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஒருவர் ஆல் இன் போடுகிறார். நீங்கள் அதை ஏற்று (கால் செய்து) ஜெயித்தால் முழுப் பிரியாணி, தோற்றால் பட்டை. முக்காலைப் பணயம் வைத்துக் காலைப் பிடிக்கிறீர்கள். நூற்றில் 75 முறைக்கு மேல் ஜெயிக்கும் கை இருந்தால்தான் அது லாபம். இரண்டு ராணி, எதிரே ஏஸ் ராஜா என்றால் ராணிகள் ஜெயிப்பது ஏறக்குறைய 57 முறைதான். மடிக்க வேண்டியதுதான். நண்பர்கள் சிரிக்கட்டும்.

பரிசு முதல் ஆளுக்கு 50, இரண்டாமவருக்கு 30, மூன்றாமவருக்கு 20 என்று பிரித்திருந்தால் கொஞ்சம் மாறும். அப்போதும் நாலு பேர் சம சிப்பில் ஒவ்வொருவரின் பங்கு 25. சிப்பை இரண்டு மடங்காக்கினால் பங்கு 50 ஆகாது, 38 சொச்சம்தான். ஆக 65 சதவீதமாவது வேண்டும். இந்தக் கணக்கை ஐசிஎம் (இன்டிபென்டென்ட் சிப் மாடல்) என்பார்கள். இழக்கும் சிப்புக்கு இருக்கும் மதிப்பு, சேர்க்கும் சிப்புக்கு இல்லை என்பதுதான் அதன் சாரம்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு கடைசி வரை சும்மா உட்கார்ந்திருந்தால் பிளைண்டே உங்களைத் தின்றுவிடும். நீங்கள் தோற்பது அங்கேயாகவும் இருக்கலாம். ஒன்பது பேர் மேசை, பிளைண்ட் 1,000 - 2,000, ஆளுக்கு 200 ஆன்டி (ஒவ்வொரு கையிலும் எல்லோரும் போட வேண்டிய சிப்) என்றால் சீட்டுப் போடும் முன்பே நடுவில் 4,800 கிடக்கிறது. உங்களிடம் 18,000 இருந்தால் நாலு சுற்றுக்குக்கூடத் தாங்காது. இந்த நிலையில் 4,000, 5,000 என்று பந்தயத்தைச் சின்னதாக உயர்த்திவிட்டு, எதிராளி ஆல் இன் போட்டதும் மடிப்பதுதான் பெரிய வீண். பத்து பெரிய பிளைண்டுக்குக் கீழே வந்தால் ஆடுகிற கையை ஆல் இன்னாகவே போடுங்கள், இல்லையென்றால் மடியுங்கள். எல்லோரும் மடித்தால் அந்த 4,800 உங்களுக்கு, சிப் கால் பங்குக்கு மேல் கூடிவிடும். யாராவது ஏற்றாலும் ஜெயிக்க ஒரு வழி மிச்சம் இருக்கிறது. ஏற்பவருக்கு அந்த ஒரு வழி மட்டும்தான். அதனால் போடுபவராக இருங்கள், ஏற்பவராக இருக்க யோசியுங்கள். முன்னால் யாரும் போடாமல், பட்டன் (சீட்டுப் போடுபவர் இடம்) பக்கம் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது போடுவது இன்னும் நல்லது, பின்னால் பேச இருப்பவர்கள் குறைவு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் ஆல் இன் போட்டால் மற்றவர்கள் மடிப்பார்கள் என்பது, அவர்களுக்கும் இழக்க ஏதாவது இருந்தால்தான். இலவசச் சிப்பில் பாதிப் பேர் தூக்கம் வந்தால்கூட ஏற்றுவிடுவார்கள். பிரியாணியை மதிக்கும் நண்பர் யார், எப்போது முடியும் என்று கொட்டாவி விடுபவர் யார் என்று முதல் ஒரு மணி நேரத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் பிளைண்டில் இருக்கும்போது சுமாரான கையோடு தைரியமாகப் போடலாம். இரண்டாமவரிடம் நல்ல கை இல்லாமல் போடாதீர்கள், பொய் மிரட்டல் எடுபடாது.

உங்களிடமே சிப் அதிகம் என்றால் நிலைமை தலைகீழ். நாலு பேர் இருக்கும்போது நடுத்தரச் சிப் வைத்திருப்பவர்கள்தான் மடிக்கக் கடமைப்பட்டவர்கள், அவர்களை விடாமல் அழுத்தலாம். அன்றைக்கு என் மேசையில் ஆல் இன் போட்டவரும் அதைத்தான் செய்தார் என்று நினைக்கிறேன். அவர் கையில் என்ன இருந்தது என்று காட்டவில்லை. மச்சான் அதை 'ரெண்டும் ஏழும்' என்றே முடிவு கட்டிவிட்டார்.

உங்கள் ஆட்டம் மூன்று பேரோடு முடிந்துவிடுகிறது. ஒருவேளை முதல் பரிசு வரை ஆடினால், இரண்டு பேர் மட்டும் மிஞ்சும்போது மேலே சொன்ன பயம் எதுவும் வேண்டாம். அங்கே சிப்பும் பரிசும் நேர்க்கணக்கு, 50க்கு மேல் ஜெயிக்கும் கை எதுவும் ஆடலாம். பட்டனில் இருப்பவரே சின்ன பிளைண்ட் வைத்து, முதல் சுற்றில் முதலில் பேச வேண்டும். இது தெரியாமல் நிறையப் பேர் குழம்புவார்கள்.

அந்த டிக்கெட்டில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். பரிசு வரிசையின் அடிப்பகுதி வரை வந்தேன், ஒன்பது பெரிய பிளைண்டில் ஆல் இன் போட்டேன், ஒருவர் ஏற்றார், ஆட்டம் முடிந்தது. லாபத்தில் 30 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு மீதி வந்தது. அதில் மச்சானுக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தேன், கட்டிக்கொண்டுதான் கதை சொல்கிறார்.

உங்கள் மேசையில் பிளைண்ட் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஏறுகிறது, நீங்கள் வெளியே போன கடைசி இரண்டு மூன்று கையில் யாரிடம் எவ்வளவு சிப் இருந்தது என்று கமென்டில் எழுதுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன். சனிக்கிழமை மட்டும் எதிர்பார்க்காதீர்கள், சம்பள நாள்.