டேவிட் லீனும் 14 ஆண்டுகளும்

அன்புள்ள ஐயா,

'ரயன்ஸ் டாட்டர்' படம் வந்ததும் நியூயார்க் விமர்சகர்கள் அதன் இயக்குநர், பிரிட்டனின் டேவிட் லீனை ஹோட்டலுக்கு அழைத்து முகத்துக்கு நேரே கிழித்தார்களாம். அப்புறம் 14 ஆண்டுகள் அவர் படமே எடுக்கவில்லை. விமர்சனம் கலைஞனைக் கொன்றுவிடும் இல்லையா? என் முதல் குறும்படத்தைப் பார்த்து நண்பர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து நானும் கேமராவைத் தொடவில்லை. லீனை எந்தப் படத்திலிருந்து பார்க்கலாம்? அவருடைய 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' ஏகாதிபத்தியப் படமா?
ர.

அன்புள்ள ர.,

இந்த வாரம் முழுக்க வீட்டில் லீன்தான் ஓடிக்கொண்டிருக்கிறார். அதனால் உடனே எழுதுகிறேன்.

'லாரன்ஸ்' கேள்வியை விடுங்கள். முதலில் பாருங்கள், பிறகு சண்டை போடலாம்.

அல்கான்குவின் ஹோட்டல் கூட்டம் நடந்தது, மனிதர் நொந்துபோனார், எல்லாம் சரி. ஆனால் சும்மா உட்கார்ந்திருந்தார் என்று யார் சொன்னது? எழுபதுகளின் கடைசியில் திரைக்கதையாசிரியர் ராபர்ட் போல்ட்டோடு சேர்ந்து, பவுண்டி என்ற பிரிட்டிஷ் கப்பலில் மாலுமிகள் செய்த கலகத்தை இரண்டு படங்களாக எடுக்க மல்லுக்கட்டினார். பணம் திரளாமல் அது கைநழுவியது. நடுவில் கடலோடி கேப்டன் குக்கின் நங்கூரத்தைப் பற்றி நியூசிலாந்துத் தொலைக்காட்சிக்கு ஓர் ஆவணப்படமும் எடுத்தார். இதற்குப் பெயர் மௌனமா? தவிர, அவர் முன்பே எடுத்த 'டாக்டர் ஷிவாகோ' அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்திருந்தது. கோபித்துக்கொண்டு ஒதுங்கியிருக்க அவருக்கு வசதி இருந்தது. உங்களுக்கு ஏது தம்பி?

லீன் அடிப்படையில் எடிட்டர். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. குவேக்கர் என்ற கட்டுப்பாடான கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த வீட்டுப் பிள்ளை, சிறுவயதில் சினிமாவே கூடாது. 1927இல் கோமான்ட் ஸ்டூடியோவில் டீ வாங்கிக் கொடுக்கும் பையனாக நுழைந்து வெட்டும் அறைக்குப் போய்ச் சேர்ந்தார். 'ப்ரீஃப் என்கவுன்டர்' (1945) பாருங்கள். ரயில் நிலைய டீக்கடை. மூலையில் ஓர் ஆணும் பெண்ணும். டாலி என்கிற வாயாடி வந்து நடுவில் உட்கார்கிறாள். அவன் எழுந்து அந்தப் பெண்ணின் தோளில் ஒரு நொடி கை வைத்துவிட்டுப் போகிறான். டாலி கவுண்டரில் நின்று திரும்பினால் பெண்ணைக் காணோம். நமக்கு ஒன்றும் புரியாது. படத்தின் முடிவில் அதே காட்சி மறுபடி வருகிறது. இப்போது அவர்கள் யாரென்று நமக்குத் தெரியும். இம்முறை கேமரா டாலியோடு நிற்காமல் பெண்ணோடு பிளாட்பாரத்துக்கு ஓடுகிறது. நோயல் கவர்டின் மூல நாடகத்தில் இந்தக் காட்சி ஒரே முறைதான்.

எங்கள் அண்ணன் துபாய்க்குக் கிளம்பிய அன்று பக்கத்து வீட்டு அம்மாள் வந்து கேஸ் சிலிண்டர் வரவில்லை என்று புலம்பிக்கொண்டே இருந்தார். அம்மா 'உம்' கொட்டிக்கொண்டிருந்தாள். டாக்சி வந்துவிட்டது. அவனிடம் அம்மா சொல்ல நினைத்தது என்னவென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்த அம்மாள் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. டாலியைப் பார்த்தால் அது இரட்டிப்பாகும்.

எங்கேயோ போய்விட்டேன். 1984இல் 'எ பாசேஜ் டு இந்தியா' வந்தபோது லீனுக்கு வயது 76. டைட்டிலில் இயக்கம் மட்டுமல்ல, படத்தொகுப்பும் அவர் பெயரில்தான். விமர்சகர்கள் கொன்ற ஆள் இவர்!

நண்பர்கள் சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த இடத்தில் சிரித்தார்கள் என்று எழுதவில்லை. அதுதானே முக்கியம்? ஃபைல் இன்னும் கையில் இருந்தால் அந்த இடத்தைத் தூக்கிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிறகு எனக்கு அனுப்புங்கள்.