காஞ்சனபுரிக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா?

குடும்பத்தோடு பாங்காக் போகிறோம், காஞ்சனபுரி பாலத்துக்கும் போர் அருங்காட்சியகங்களுக்கும் ஒரு நாள் ஒதுக்கலாமா, பிள்ளைகளுக்குச் சலிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். போங்கள். சலித்தால் சலிக்கட்டும். "பாலத்தில் போட்டோ எடுத்தால் போதும், மற்றதெல்லாம் வேஸ்ட்" என்று இங்கே ஒருவர் சொல்லியிருப்பதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் மலேசியாக்காரன். அந்தப் பாலத்தின் மேல் போகிற ரயில் பாதைக்கு எங்கள் பக்கம் 'சயாம் மரண ரயில்' என்று பேர். சயாம் என்றால் தாய்லாந்து. 1942-43இல் ஜப்பான் ராணுவம் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் தண்டவாளம். வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல், அதில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. 90,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்கிறார்கள். சரியாக எண்ணி வைக்க அங்கே யார் இருந்தார்கள்? கைதிகளுக்காவது கூடவே பிடிபட்ட ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள். 1943 மழையில் காலரா வந்தபோது, மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து போன நம் தமிழ்ச் சனத்துக்கு அதுவும் இல்லை.

என் தாத்தாவின் அண்ணன் அப்படிப் போனவர்தான். மூன்று மாதம், நல்ல சம்பளம் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்களாம். திரும்பவில்லை. தாத்தா பிறகு நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தார். வீட்டில் நாங்கள் அதைப் பெருமையாகச் சொல்வோம். பாட்டி மட்டும், "சயாமுக்குப் புடிச்சிட்டுப் போயிருவானுங்கன்னுதான் சேந்தாரு" என்பார். நேதாஜி அன்பர்கள் சண்டைக்கு வரவேண்டாம். மலாயாவில் அப்படிச் சேர்ந்தவர்கள் நிறைய.

அத்தையையும் கூட்டிக்கொண்டுதான் காஞ்சனபுரிக்குப் போனேன். ஊர் நடுவே அந்தக் கைதிகளுக்கான போர்க் கல்லறை, ஏறக்குறைய 7,000 பேர். புல்லைச் சீராக வெட்டி, ஒவ்வொருவருக்கும் ஒரு வெண்கலத் தகடு: பெயர், படைப்பிரிவு, வயது. இருபத்திரண்டு, இருபத்தி மூன்று என்று படிக்கப் படிக்க மனசு கேட்காது. அந்தப் பையன்களுக்கு அது கூடாது என்று நான் சொல்லவில்லை. அத்தை இரண்டு வரிசை நடந்துவிட்டு, "நம்மாளுங்க எங்கடா?" என்றார். பக்கத்து அருங்காட்சியகத்தின் மாடியில் காப்பி குடித்துக்கொண்டே அந்தக் கல்லறையைப் பார்க்கலாம். அத்தை காப்பியைத் தொடவில்லை.

பாலத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இன்னொரு நினைவுச் சின்னம் இருக்கிறது. கூட்டமே இருக்காது. 1944இல் ஜப்பானிய ராணுவமே கட்டியது. இறந்தவர்களுக்காகப் பல மொழிகளில் எழுதியிருக்கிறார்கள், அதில் ஒன்று தமிழ். அத்தை தோட்டத்துப் பள்ளியில் படித்தவர். விரல் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "சாவடிச்சவன்தான் தமிழ்ல எழுதி வச்சிருக்கான்" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

நம்மவர்கள் எதுவும் செய்யவில்லை என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: போர்க் கல்லறைக்குப் பக்கத்திலேயே வியட்நாமிய பௌத்த கோயில் ஒன்றில் ஆசியத் தொழிலாளர்களுக்கான தூபி இருக்கிறது. மலேசியத் தமிழர்கள் அண்மையில் அங்கே நடுகல்லும் வைத்தார்கள். எந்த டூர் பேக்கேஜிலும் இது வராது. நாங்கள் போன ஏஜெண்டு பாலத்துக்கு அரை மணி, சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி கொடுத்தான்.

பெரிய தாத்தா புறப்பட்டுப்போன தோட்டமே இன்று இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, அதையும் அழித்து வீடமைப்புத் திட்டம். அறுபது வருஷம் பால் வெட்டின சனத்துக்கு நஷ்ட ஈடு என்று ஒரு தொகை கொடுத்தார்கள். அதில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம். முனியாண்டி கோயிலைச் சாக்கடை ஓரத்துக்கு நகர்த்தினார்கள். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

பிள்ளைகளுக்கு, தண்டவாளம் போடப் பாறையைக் குடைந்து வழி வெட்டிய ஹெல்ஃபயர் பாஸ்தான் சரி. நகரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர், ஆஸ்திரேலிய அரசு நடத்துகிறது, இலவசம். படி இறங்க வேண்டும், ஷூ போடுங்கள். ஒருவர் துளையுளியைப் பிடிக்க இன்னொருவர் சம்மட்டியால் அடித்துப் போட்ட துளைகள் பாறையில் இன்னும் இருக்கின்றன. விரலை விட்டுப் பார்க்கலாம். காஞ்சனபுரிப் பாலத்தில் வளைவாக இருப்பவை பழைய இரும்புச் சட்டங்கள், நடுவில் நேர்கோட்டில் இருப்பவை குண்டு விழுந்த பிறகு மாற்றியவை. பையன் கேட்டால் சொல்ல உதவும். காஞ்சனபுரியிலிருந்து அதே பாதையில் 'நாம் தோக்' (Nam Tok) என்ற ஊருக்கு ரயிலில் போகும்போது இடது பக்கம் உட்காருங்கள், ஆறு அந்தப் பக்கம்தான்.