டிராகனுக்கு அருஞ்சொற்பொருள் எதற்கு?

வணக்கம் சார்,

ஆங்கிலத்தில் வரும் இன்டராக்டிவ் ஃபிக்ஷன் கதைகளை, அதாவது அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று வாசகரே தேர்ந்தெடுக்கும் கதைகளை, நான்கு வருடமாகப் படித்து வருகிறேன். சாய்ஸ் ஆஃப் கேம்ஸ் என்ற நிறுவனத்தின் கதைகளில்தான் பழக்கம் ஆரம்பித்தது. இவற்றை எழுத அவர்கள் உருவாக்கிய சாய்ஸ்ஸ்கிரிப்ட் என்ற எளிய நிரல்மொழியில் நானே ஒரு கதை எழுதத் தொடங்கி அறுபதாயிரம் சொற்களைத் தாண்டிவிட்டேன். நாட்டை இழந்த இளவரசி, ஏழு மந்திரக் குலங்கள், ஒரு பழைய சாபம் என்று ஃபேன்டஸி கதை. முதல் அத்தியாயத்தை இரண்டு நண்பர்களிடம் கொடுத்தேன். ஒருவர் "இன்னொரு ராஜ்ஜியமா?" என்று சிரித்தார். இன்னொருவர் பாதியில் மூடிவிட்டார், காரணம் சொல்லவில்லை. வாசகர்களுக்கு ஃபேன்டஸி அலுத்துவிட்டதா? இதைத் தூக்கிப் போட்டுவிட்டு, நான் வேலை பார்க்கும் மருந்துக்கடை மாதிரி ஓர் இடத்தை வைத்து எழுதலாமா? முதல் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்,

சிரித்த நண்பரை விட்டுவிடுங்கள். பாதியில் மூடியவர்தான் நமக்கு வேண்டியவர்.

அலுத்துவிட்டதா என்றால், இல்லை. இந்தப் புகார் இந்தக் கதைவடிவத்துக்குக் கிட்டத்தட்ட கூடவே பிறந்தது. 1980-களில் இன்ஃபோகாம் நிறுவனம் எழுத்தால் ஆன விளையாட்டுகளை விற்றபோது, ஒரே மாதிரி புதையல் வேட்டையாக இருக்கக்கூடாது என்று என்னென்னவோ செய்து பார்த்தார்கள். 1982-இல் ‘டெட்லைன்’ என்ற துப்பறியும் கதை. 1985-இல் ‘எ மைண்ட் ஃபாரெவர் வாயேஜிங்’, ஓர் அமெரிக்கச் சிற்றூரின் எதிர்காலத்தில் நடந்து திரிந்து அரசியலைப் பார்க்கும் கதை, புதிர்களே அபூர்வம். 1986-இல் அணுகுண்டைப் பற்றி ‘டிரினிட்டி’. மூன்றும் நல்ல கதைகள். ஆனால் அவர்களுக்கு அதிகம் விற்றுக் கொடுத்தது ‘ஸார்க்’தான். நிலவறை, புதையல், இருட்டில் தின்னக் காத்திருக்கும் ஜந்து. அலுப்பைப் பற்றிப் பேசுகிறவர்களும் அதை வாங்குகிறவர்களும் பல சமயம் ஒரே ஆட்கள்தான்.

ஆனால் ஃபேன்டஸி இங்கே எப்படி வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். ரசனையால் மட்டும் வரவில்லை. வில் க்ரௌதர் என்ற புரோகிராமர் குகை ஆராய்ச்சியில் பைத்தியம் பிடித்தவர். கென்டக்கியின் மாமத் குகைக்கு மனைவியோடு சேர்ந்து வரைபடம் போட்டவர். விவாகரத்துக்குப் பிறகு, தன் மகள்கள் விளையாடட்டும் என்று அந்தக் குகையையே கணிப்பொறியில் எழுதினார். ‘அட்வென்ச்சர்’ அப்படிப் பிறந்தது. ஆண்டு 1976. அவர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஃபேன்டஸி விளையாட்டை ஆடுகிறவர் என்பதால் குகைக்குள் குள்ளர்களும் ஒரு மந்திரச் சொல்லும் வந்தன. அடுத்த ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் டான் வுட்ஸ் அதை எடுத்து இன்னும் விரித்தார்.

அந்த நிரலுக்கு இரண்டு சொல் கட்டளைதான் புரியும். "விளக்கை எடு" என்றால் எடுக்கும். "அப்பாவிடம் போய், நேற்று பேசியது தப்பு என்று சொல்" என்றால் முழிக்கும். இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு குடும்பக் கதை சொல்ல முடியுமா? குகைக் கதை என்றால் முடியும். இந்தப் பக்கம் ஏன் போக முடியவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள், பாறை இருக்கிறது, அவ்வளவுதான். குள்ளனோடு உரையாட வேண்டாம், கோடரியை வீசினால் போதும். இயந்திரத்தின் போதாமையை மறைக்க ஃபேன்டஸி அருமையான திரைச்சீலையாக இருந்தது. இன்று எந்தப் போதாமையும் இல்லை. வாசகர் கட்டளை தட்டுவதில்லை, கொடுத்த விடைகளில் ஒன்றைத் தொடுகிறார். ஒரு மாமியார் மருமகள் பேச்சைக்கூட நூறு கிளைகளாகப் பிரித்து எழுதலாம். திரைச்சீலை மட்டும் பழக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

(அந்த ‘அட்வென்ச்சர்’ டிராகனைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். டிராகனைக் கொல் என்று தட்டினால், "எதை வைத்து? வெறுங்கையாலா?" என்று நிரல் கிண்டலாகக் கேட்கும். எல்லாரும் அதைக் கேலி என்று நினைத்துப் பின்வாங்குவார்கள். "ஆமாம்" என்று தட்டினால் டிராகன் செத்துவிடும். ஐம்பது வருடமாகப் போகிறது, இதைவிட நல்ல டிராகன் சண்டையை நான் படித்ததில்லை.)

சரி, உங்கள் அத்தியாயத்துக்கு வருகிறேன். உங்கள் மொழி நன்றாக இருக்கிறது. இளவரசி ஆற்றைக் கடக்கும் இடத்தை இரண்டு முறை படித்தேன். அப்புறம் முதல் தேர்வு வருகிறது: எந்தக் குலத்தின் தூதரை முதலில் சந்திப்பாய்? கீழே ஏழு பெயர்கள். நான் நான்காவதைத் தொட்டேன். ஏன் தெரியுமா? அந்தப் பெயர்தான் சின்னதாக இருந்தது.

இந்த மாதிரிக் கதைகளை நான் தேர்வுக்கதை என்று சொல்வது வழக்கம். தேர்வு என்றதும் பரீட்சை ஞாபகம் வந்தால் தப்பில்லை, பல கதைகள் பரீட்சையாகத்தான் இருக்கின்றன. நாவலில் புரியாத பெயர் வந்தால் பாதகமில்லை. கடந்து போவோம், நாற்பது பக்கத்துக்குப் பிறகு தானாக விளங்கும். தேர்வுக்கதை அந்தச் சலுகையைக் கொடுப்பதில்லை. மூன்றாம் பக்கத்திலேயே நம்மை நிறுத்தி, முடிவு செய் என்கிறது. எது எவ்வளவு கனம் என்று தெரியாமல் எதைத் தூக்குவது? நீங்களும் உதவத்தான் பார்த்திருக்கிறீர்கள். அத்தியாயத்துக்கு முன்னால் ஏழு குலங்களின் வரலாற்றை, பள்ளிப் பாடப்புத்தகத்தின் அருஞ்சொற்பொருள் மாதிரி இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். மன்னியுங்கள், நான் படிக்கவில்லை. உங்கள் நண்பரும் படித்திருக்க மாட்டார்.

இந்தக் கஷ்டம் ஃபேன்டஸிக்கு மட்டும் உரியதும் அல்ல. ‘டெட்லைன்’ கதைக்கு வேண்டிய தகவல் முழுவதையும் அன்றைய கணிப்பொறி வட்டில் அடைக்க இடமில்லை. அதனால் போலீஸ் விசாரணைக் குறிப்புகளையும் ஆய்வக அறிக்கையையும் தாளில் அச்சடித்து டப்பாவுக்குள் வைத்து விற்றார்கள். ஆனால் அது கொலை வழக்கு. கையில் விசாரணை அறிக்கை கிடைத்தால் எவரும் ஆவலாகப் படிப்பார்கள். குலவரலாற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நானும் இதைச் செய்தவன்தான். ட்வைன் என்ற மென்பொருளில் இதே மாதிரி ஒரு கதை எழுதினேன், பதினெட்டுத் தெய்வங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கோபம். அக்கா மகளிடம் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் முதல் விடையையே அமுக்கிக்கொண்டு போனாள். ஏன் என்று கேட்டதற்கு, "எல்லாம் ஒண்ணுதானே மாமா" என்றாள். எனக்கு அது ஒன்றல்ல. அவளுக்கு வேறாகத் தெரிய நான் எதுவும் செய்து வைக்கவில்லை.

இப்போது சாய்ஸ் ஆஃப் கேம்ஸின் முதல் கதையான ‘சாய்ஸ் ஆஃப் தி டிராகன்’ எப்படித் தொடங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். நீங்கள் டிராகன். ஒரு குதிரைவீரன் உங்களை நோக்கிப் பாய்ந்து வருகிறான். என்ன செய்வீர்கள்? அவ்வளவுதான். டிராகனுக்கு இறக்கை உண்டு, வால் உண்டு, நெருப்பு கக்கும் என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். முதல் நிமிடத்திலேயே வாசகர் தன் குணத்துக்கு ஏற்ற விடையைத் தொட்டுவிடுகிறார்.

சிக்கலும் இங்கேதான். தேய்ந்துபோன சரக்கு என்று நாம் சலித்துக்கொள்கிறோமே, டிராகன், எல்ஃப், கிழட்டு மந்திரவாதி, அதெல்லாம் தேய்ந்துபோனதால்தான் விளக்கம் இல்லாமல் வேலை செய்கிறது. புதிதாக ஓர் உலகத்தைப் படைத்தால் விளக்க வேண்டியிருக்கிறது, விளக்கினால் வாசகர் கொட்டாவி விடுகிறார். பழையதையே எடுத்தால் உங்கள் முதல் நண்பர் சிரிக்கிறார். தேர்வுக்கதையில் ஃபேன்டஸி திரும்பத் திரும்ப முருங்கை மரம் ஏறுவதற்குக் காரணம் எழுத்தாளர்களின் சோம்பல் என்று நான் சொல்ல மாட்டேன். பாதியாவது இந்த நெருக்கடிதான்.

முருங்கை மரம் என்றதும், அந்த வேதாளத்தையே பாருங்கள். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மரத்துக்குப் போய்விடும். விதி இரண்டே வரி. இரண்டு பக்கமும் என்ன நஷ்டம் என்று அம்புலிமாமா படித்த சின்னப் பையனுக்கும் தெரியும்.

இன்னொரு வழியை ‘80 டேஸ்’ என்ற தேர்வுக்கதை காட்டியது. இங்க்கிள் நிறுவனம் 2014-இல் வெளியிட்டது, பெரும்பகுதியை எழுதியவர் மெக் ஜெயந்த். எந்திர மனிதர்களும் விசித்திர வாகனங்களும் நிறைந்த 19-ஆம் நூற்றாண்டு அது, ஆனால் வரைபடம் நம்முடையது. லண்டனில் கிளம்பி உலகைச் சுற்றி லண்டனுக்கே வர வேண்டும். கையில் இவ்வளவு பணம், இத்தனை நாள், பெட்டியில் இவ்வளவு இடம். கற்பனை எவ்வளவு தூரம் ஓடினாலும் முடிவு செய்வதற்கான எடைக்கல் நமக்குத் தெரிந்ததாகவே இருக்கிறது. பணம் தீர்ந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாமே.

உங்கள் சாபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் மூன்று விதமாக விளையாடிப் பார்த்தேன். மூன்று முறையும் சாபக்காரி, "நீ அரியணை ஏறுவாய், அது எழுதப்பட்டது" என்கிறாள். அப்படியென்றால் நான் எதற்கு மெனக்கெட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்? நாவலில் விதிக்கு ஒரு கம்பீரம் உண்டு. தேர்வுக்கதையில் விதி வந்து நின்றால், விடைத்தாளை முன்பே திருத்திவிட்டார்கள் என்று அர்த்தம். சாபம் பொய்க்கக்கூடிய ஒரு பாதையாவது இருக்கட்டும்.

மருந்துக்கடை விஷயத்தில் எனக்கே ஆசை வந்துவிட்டது. ராத்திரி பத்து மணிக்குச் சீட்டு இல்லாமல் ஒருவர் வந்து தூக்க மாத்திரை கேட்கிறார், தெரிந்த முகம், கண் சிவந்திருக்கிறது. கொடுப்பீர்களா? இதற்கு முன்னுரை எதுவும் வேண்டாம், கை தானாக நடுங்கும். தாராளமாக எழுதுங்கள். ஆனால் ஃபேன்டஸி செத்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக அங்கே ஓட வேண்டாம். ஓடிப் போனால் அங்கேயும் ஏழு மருந்து கம்பெனிகளின் வரலாற்றை முதல் பக்கத்தில் எழுதி வைப்பீர்கள்.

இப்போதைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். பாதியில் மூடிய நண்பரிடம் ஏன் மூடினாய் என்று கேட்காதீர்கள், சங்கடப்பட்டு ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடுவார். எந்த இடத்தில் மூடினாய் என்று மட்டும் கேளுங்கள். அந்த ஏழு பெயர்களில்தான் என்று நினைக்கிறேன். ஆற்றைக் கடக்கும் இடத்தில் என்று சொன்னால் எனக்கு உடனே எழுதுங்கள், நான் சொன்னதெல்லாம் தப்பு.