கரிப் பையில் கரி எவ்வளவு?

வீட்டுத் தோட்டத்தில் கிரில் அடுப்பு வைத்திருப்பவர்கள் கரி பற்றி எழுதிய கடிதங்கள் இந்த முறை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். திட்டியிருந்த இடங்களை எடுத்துவிட்டேன், அதில் சிலது நியாயமான திட்டுதான் என்றாலும்.

மரக்கரித் துண்டு வாங்குவதா, பிரிக்கெட் வாங்குவதா? கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்கிறார்.

ஒன்றில்லை. மரக்கரித் துண்டு என்பது காற்று அதிகம் புகாமல் கரியாக்கிய மரம், அவ்வளவுதான். சீக்கிரம் பற்றும், சூடு அதிகம், காற்றுத் துளையைத் திறந்தால் உடனே சீறும், மூடினால் அடங்கும். சாம்பலும் குறைவு. ஆனால் துண்டுகள் சிறிதும் பெரிதுமாக இருப்பதால் அடுப்பின் ஒரு மூலை கொதிக்கும்போது இன்னொரு மூலை தூங்கும். பிரிக்கெட் என்பது கரித்தூளை மாவுப்பசை போட்டு அச்சில் அழுத்தியது. எல்லாம் ஒரே அளவு என்பதால் சூடு சீராக, நீண்ட நேரம் நிற்கும். சாம்பல் அதிகம். மெல்லிய மீன், காய்கறி என்று சட்டென்று முடிகிற வேலைக்குத் துண்டு. பெரிய இறைச்சியை மூடி போட்டு மணிக்கணக்கில் வேகவைக்கப் பிரிக்கெட். இரண்டும் ஒன்று என்று சொன்ன கடைக்காரரிடம் எந்த மூட்டை நாளாய்த் தேங்கிக் கிடக்கிறது என்று கேட்டிருக்கலாம்.

பத்துக் கிலோ மரக்கரி வாங்கினேன். மேலே நல்ல துண்டுகள். பாதிக்குக் கீழே போனால் பொடியும் தூளும்தான். கேட்டால், "கரி என்றால் தூள் இருக்கத்தான் செய்யும்" என்கிறார்கள். நான் ஏமாந்தேனா, இல்லை இதுதான் வழக்கமா?

ஏமாற்றப்பட்டீர்கள். தப்பு உங்கள் பக்கம் இல்லை. இதைப் பற்றி எழுத ரொம்ப நாளாகக் காத்திருந்தேன், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கரி எளிதில் நொறுங்கும். ஏற்றி இறக்குவதில் கொஞ்சம் தூள் சேரும், அதை யாரும் குறை சொல்ல முடியாது. பையின் அடியில் ஓரிரு கைப்பிடி இருந்தால் விட்டுவிடலாம். பாதிப் பை என்பது போக்குவரத்தில் நேர்ந்தது இல்லை, கொட்டி நிரப்பியது. அந்தத் தூளுக்கு வேறு இடத்தில் மதிப்பு இல்லாமலும் இல்லை. பிரிக்கெட் செய்பவர்களுக்கு அதுதானே மூலப்பொருள்! அவர்களுக்குத் தூள் விலைக்குப் போக வேண்டியது உங்களுக்குத் துண்டு விலைக்கு வந்திருக்கிறது. அடுப்பில் போட்டாலும் நஷ்டம்தான். தூள் இடுக்குகளை அடைத்துக் காற்றைத் தடுக்கும், தணல் பிடிக்காது, புகைதான் மிஞ்சும்.

தூள் கண்ணுக்காவது தெரிகிறது. ஈரம் தெரியாது. கரி காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். திறந்தவெளியில் மழைக்காற்றில் அடுக்கி வைத்த மூட்டையில் தண்ணீரும் சேர்ந்து எடை காட்டும். ஐரோப்பாவில் கிரில் கரிக்கு ஈ.என். 1860-2 என்றொரு தரவிதி இருக்கிறது. அதன்படி ஈரப்பதம் 8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அந்த எல்லைக்குள்ளேயே பத்துக் கிலோவில் 800 கிராம் வரை தண்ணீர் இருக்கலாம். விதிக்கு உட்பட்ட கரியின் கதையே இது. எந்த விதியும் அச்சிடாத பையில் எவ்வளவு தண்ணீர் என்பது விற்றவருக்கே வெளிச்சம். அதே விதி மரக்கரித் துண்டில் சாம்பல் 8 சதவீதத்துக்குள், நிலைக் கார்பன், அதாவது ஆவியாகிப் போகாமல் நின்று எரியும் பகுதி, குறைந்தது 75 சதவீதம் என்கிறது. பிரிக்கெட்டுக்குச் சலுகை உண்டு: சாம்பல் 18 வரை, கார்பன் 60 போதும். பையின் பின்பக்கம் இந்த எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்பக்கம் "பிரீமியம்", "உணவகத் தரம்", "நூறு சதவீதம் இயற்கை" என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் அதற்கு அளவுகோல் எதுவும் கிடையாது. அதை எழுத யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. மரம் இயற்கைதான். தண்ணீரும் இயற்கைதான், அதையும் சேர்த்துத்தான் எடை போட்டிருக்கிறார்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மீதியை எரிக்காதீர்கள். பெரிய கண் சல்லடையில் சலித்து, துண்டு எவ்வளவு, தூள் எவ்வளவு என்று தனித்தனியாக எடை போடுங்கள். தராசு முகப்போடு படம் எடுங்கள். பையில் அச்சிட்ட தொகுதி எண், ரசீது இரண்டையும் சேர்த்து எழுத்தில் புகார் கொடுங்கள். "தூள் நிறைய இருக்கிறது" என்று சொன்னால் அவர்களிடம் பதில் தயாராக இருக்கும். "பத்துக் கிலோவில் நாலு கிலோ தூள், படம் இணைப்பில்" என்றால் அந்தப் பதில் செல்லாது. அடுத்த முறை வாங்கும்போது பையைத் தூக்கிக் குலுக்குங்கள். கலகலவென்று துண்டுகள் மோதும் சத்தம் வந்தால் சரி, மணல் சரியும் சத்தம் வந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

ஆப்பிள் மரக்கரி, செர்ரி மரக்கரி என்று தனித்தனி விலையில் விற்கிறார்கள். மணம் உண்மையிலேயே வேறுபடுமா?

நன்றாகக் கரியானதில் மரத்தின் மணம் எப்போதோ சூளையிலேயே போய்விட்டது. புகை மணம் வேண்டுமென்றால் சாதாரணக் கரி வாங்கி, மேலே ஒரு துண்டு காய்ந்த மரம் போடுங்கள்.

ஒரே தீக்குச்சியில் பற்றும் கரி வாங்கினேன். சாப்பாடு முழுக்க மண்ணெண்ணெய் வாசனை. கம்பெனி மீது வழக்குப் போடலாமா?

உங்கள் கடிதத்தின் மூன்றாவது பத்தியில், பற்றிய ஐந்தாவது நிமிடத்தில் இறைச்சியை வைத்ததாகவும், நடுவில் இன்னும் நாலு கட்டி போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே தீக்குச்சியில் பற்றுவதற்குக் காரணம் அதில் எரிதிரவம் ஊறியிருப்பதுதான். அது முழுக்க எரிந்து தீர்ந்து, கட்டிகள்மேல் சாம்பல் பூத்த பிறகே உணவு வைக்க வேண்டும், நடுவில் புதிதாகப் போடக்கூடாது என்று பையிலேயே போட்டிருக்கும். வழக்கை விடுங்கள், பையைப் படியுங்கள். அப்புறம், சிம்னி ஸ்டார்ட்டர் என்று அடியில் துளை போட்ட தகர உருளை கிடைக்கிறது. கீழே கசக்கிய காகிதம், மேலே கரி. இருபது நிமிடம் போல ஆகும், எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம். இந்த விஷயத்தில் வாங்கி நான் வருத்தப்படாத ஒரே சாமான் அதுதான்.

கரிப் பையில் இரண்டு ஆணி, ஒரு பக்கம் பளபளவென்று மேல்பூச்சு உள்ள பலகைத் துண்டு. இதை எரிக்கலாமா?

கூடாது. அது காட்டு மரமே இல்லை. தரைப்பலகை, மரச்சாமான் தொழிற்சாலைகளில் மிஞ்சும் கழிவையும் சிலர் கரியாக்குகிறார்கள். வெறும் மரக்கழிவு என்றால் தவறில்லை. பசை, வண்ணம், மேல்பூச்சு சேர்ந்தது உணவுக்குக் கீழே எரியக்கூடாது. எனக்கும் இப்படி ஒரு பை வாய்த்தது. அட்டைப்படத்தில் அடர்ந்த காடு, உள்ளே நேர்கோட்டில் அறுத்த, பக்கவாட்டில் பள்ளம் வெட்டிய பலகைகள். விற்றவர் கடைசிவரை அதை "கடின மரம்" என்றே சொன்னார், பணமும் வரவில்லை. அதனால் உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. முழுப் பையையும் திருப்பிக் கொடுங்கள், ஆணியைத் தனியாகக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அடுத்த பையில் துண்டுகளைப் பாருங்கள்: பட்டையும் கிளையின் வளைவும் தெரிந்தால் மரத்திலிருந்து வந்தது, எல்லாம் சதுர சதுரமாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஜப்பானிய பின்ச்சோட்டான் கரிதான் சிறந்தது என்று நண்பர் சொல்கிறார். மாதம் ஒருமுறை கிரில் செய்யும் எனக்கு அது தேவையா?

தேவையில்லை. ஆனால் நண்பர் சொல்வதும் பொய்யில்லை. உபாமே என்ற ஓக் வகை மரத்தைச் சூளையில் மெதுவாகக் கரியாக்கி, கடைசியில் காற்றைத் திறந்துவிட்டு 1,000 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி வெளியே இழுத்து, ஈரமான மண்ணும் சாம்பலும் கலந்து மூடி அணைக்கிறார்கள். அதனால்தான் மேலே வெளுப்பு. இரண்டு துண்டைத் தட்டினால் உலோகம்போல் ஒலிக்கும். புகை மிகக் குறைவு, மணிக்கணக்கில் நிற்கும். பற்றவைப்பதற்குள் உங்கள் விருந்தினர்கள் பசியில் கிளம்பிவிடுவார்கள், அதுதான் சிக்கல். தினமும் அடுப்பெரிப்பவர்களுக்கான பொருள் இது.

இன்னொன்று: நடுவில் துளையுள்ள, ஆறு பக்கம் கொண்ட கரிக்குச்சிகளை இதே பெயரில் விற்கிறார்கள். அது மரத்தூளை அழுத்திக் கரியாக்கியது. தன்னளவில் நல்ல கரிதான், ஆனால் பின்ச்சோட்டான் விலை கொடுக்கக்கூடாது. மரம் எங்கேயும் அறுகோணமாகத் துளையோடு வளர்வதில்லை.

மழை வந்துவிட்டால் கிரில்லைக் கூடத்துக்குள் கொண்டுவந்து ஜன்னலைத் திறந்து வைப்போம். தணல் ஆன பிறகுதான், புகையே இருக்காது. சிரட்டைக்கரிதானே, பாதுகாப்பானதா?

இல்லை. எந்தக் கரியும் இல்லை. புகையில்லாத தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு என்ற உயிர்க்கொல்லி வாயு வருகிறது. நிறமில்லை, வாசனையில்லை, தலை சுற்றும்போது எழுந்து போகத் தெம்பு இருக்காது. திறந்த ஜன்னலை நம்பாதீர்கள். கூடாரம், கார் நிறுத்தும் கொட்டகை எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். மழை வந்தால் வீட்டு அடுப்பில் சமையுங்கள். இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு எனக்குப் பொறுமை இல்லை.

போன வருடம் வாங்கிய கரி கெட்டுப்போயிருக்குமா?

காய்ந்திருந்தால் கெடாது. எரிதிரவம் ஊறிய வகை மட்டும் பை பிரித்திருந்தால் திரவம் ஆவியாகிச் சாதாரணக் கரியாகியிருக்கும். நனைந்த பிரிக்கெட் உதிர்ந்துபோகும், அதைக் காயவைத்துப் பயனில்லை.

சாம்பலைச் செடிகளுக்குப் போடலாமா?

சுத்தமான மரக்கரிச் சாம்பலைக் கொஞ்சமாகப் போடலாம், அது காரத்தன்மை கொண்டது, புளிப்பு மண் விரும்பும் செடிகளுக்கு ஆகாது. சில பிரிக்கெட்டுகளில் நிலக்கரித் தூள், சுண்ணாம்புக்கல், பற்றுவதற்குச் சோடியம் நைட்ரேட் எல்லாம் சேர்ப்பார்கள். அந்தச் சாம்பல் குப்பைக்குத்தான். அதுவும் மூடியுள்ள உலோக வாளியில் இரண்டு நாளாவது ஆறிய பிறகு. மேலே ஆறியது போலிருக்கும், உள்ளே கங்கு இருக்கும்.

தள்ளுபடியில் ஆறு பை கரி வாங்கினேன். நாலு பை எரித்த பிறகுதான் எதுவுமே சரியில்லை என்று புரிந்தது. முழுப் பணமும் திருப்பிக் கேட்கலாமா?

மீதி இரண்டு பைக்குக் கேளுங்கள்.